‘கிடைச்சிருச்சு’, ‘போயிட்டான்’: கல்லூரித் தேர்வைப் பேசும் நம் மொழி



ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில், சாதாரண நிலைத் தேர்வு முடிவுகள் வெளியாகும் வாரத்தில், பள்ளி மண்டபத்திலும் சிற்றுண்டிச்சாலையிலும் மூன்று வாக்கியங்களைக் கேட்கலாம். உங்களுக்கும் பழக்கமானவைதான்.

“அவனுக்கு ஜேசி கிடைச்சிருச்சு.”
“இவன் பாலிக்குப் போயிட்டான்.”
“அந்தப் பிள்ளை ஐடிஇ-லதான் சேர்ந்திருக்கு.”

இந்த மூன்றையும் இலக்கண வகுப்புக்குக் கொண்டுபோனால் என்ன தெரிகிறது? முதல் வாக்கியத்தில் மாணவன் பரிசு வாங்குகிறவன். ‘அவனுக்கு’ ஒன்று வந்து சேர்கிறது. இரண்டாவதில் அவன் எங்கோ கைநழுவிப் போகிறவன். இரண்டிலும் இருப்பது ‘விடு’ என்ற அதே துணைவினைதான். முன்னதில் அது நிம்மதிப் பெருமூச்சாக ஒலிக்கிறது. பின்னதில் இழப்பாக ஒலிக்கிறது. மூன்றாவதில் ‘தான்’ என்ற ஒரே ஓர் இடைச்சொல், தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் சேர்ந்த பிள்ளையை மொத்தமாகக் கீழே இறக்கிவிடுகிறது. ‘தேர்ந்தெடுத்தான்’, ‘தேர்ந்தெடுத்தாள்’ என்ற வினை மூன்றிலுமே இல்லை.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது பற்றி மாணவர்களிடம் நிறையப் பேசுகிறோம். வாய்மொழித் தேர்வுப் பயிற்சியில் அது ஒரு கேள்வியாக வரும். கட்டுரைத் தலைப்பாகவும் வரும். ஆனால் நாம் பேசும் மொழியிலேயே தேர்வுக்கு இடமில்லையென்றால் பிள்ளைகள் எப்படித் தேர்ந்தெடுப்பார்கள்? இந்தக் கட்டுரையில் அந்த மொழியையும், அதற்குப் பின்னணியாக நிற்கும் பட்டியல்களையும் ஒரு பனுவலைப் படிப்பதுபோல் படித்துப் பார்க்கலாம். நாம் கொடுக்கும் கருத்தறிதல் பகுதியைவிடப் பிள்ளைகள் கவனமாகப் படிக்கும் பனுவல் அந்தப் பட்டியல்கள்தான். அவற்றைப் படிக்கக் கற்றுக்கொடுப்பது மொழியாசிரியரின் வேலைக்கு வெளியே இல்லை என்று நினைக்கிறேன்.

வெட்டுப்புள்ளி எதை அளக்கிறது?

முதல் பட்டியல் வெட்டுப்புள்ளிப் பட்டியல். சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளிகளை வரிசைப்படுத்தும் வழக்கம் 1992-இல் தொடங்கியது. 2004-இல் துல்லியமான வரிசைக்குப் பதிலாகப் பள்ளிகளைத் தொகுதிகளாகப் பிரித்துக் காட்டும் முறை வந்தது. 2012-இல் கல்வி அமைச்சு அதையும் கைவிட்டது. அதிகாரபூர்வமாக இன்று தரவரிசை இல்லை. பெற்றோர் மனத்தில் அது போகவில்லை. வெட்டுப்புள்ளியை வைத்து வீட்டிலேயே ஒரு வரிசையைத் தயாரித்துவிடுகிறார்கள்.

வெட்டுப்புள்ளி என்றால் என்ன? சென்ற ஆண்டுக் கூட்டு மாணவர் சேர்க்கையில், ஒரு கல்லூரிக்குள் அல்லது ஒரு பாடப்பிரிவுக்குள் கடைசியாக இடம்பெற்ற மாணவரின் மொத்தப் புள்ளி. அவ்வளவுதான். அந்தக் கல்லூரி வைத்த தகுதி அளவும் அன்று, அங்கே கற்பிக்கும் தரத்துக்கு யாரோ போட்ட மதிப்பெண்ணும் அன்று. எத்தனை இடங்கள் இருந்தன, எத்தனை பேர் கேட்டார்கள், கேட்டவர்களின் புள்ளிகள் என்ன என்பதன் விளைவு. அடுத்த ஆண்டு இன்னும் நிறைய பேர் கேட்டால் 12 என்பது 11 ஆகும். இதற்கிடையில் அந்தக் கல்லூரியின் வேதியியல் ஆசிரியரோ நூலகமோ மாறியிருக்க வேண்டியதில்லை.

அதாவது, போன வருஷம் எல்லாரும் எங்கே போக நினைத்தார்கள் என்பதைத்தான் அந்த எண் காட்டுகிறது. அதைப் பார்த்து இந்த வருஷம் எல்லாரும் அங்கேயே போக நினைக்கிறார்கள். எண் இன்னும் இறுகுகிறது. ஒரு கடை முன்னால் நிற்கும் வரிசையின் நீளத்தைப் பார்த்துச் சாப்பாட்டை எடைபோடுவது மாதிரி. வரிசை நீளமாக இருந்தால் சாப்பாடு நன்றாக இருக்கலாம். ஆனால் அந்தக் கடையில் என்ன கிடைக்கும், நமக்கு அது ஒத்துக்கொள்ளுமா என்பதை வரிசை சொல்லாது.

இங்கே இன்னொரு சொல்லையும் கவனியுங்கள். “ஏழு புள்ளி வாங்கிட்டு பாலிக்கா போறே? புள்ளியை வீணாக்காதே!” புள்ளி இங்கே காசு ஆகிவிட்டது. கையில் உள்ள காசுக்கு எவ்வளவு விலை கூடிய பொருள் கிடைக்குமோ அதை வாங்காவிட்டால் நட்டம் என்ற கணக்கு. திட்ட வேலைகளில் சிறக்கும் ஒரு பெண், மூன்று ஆண்டுப் பட்டயப் படிப்பை விரும்பினாலும், ‘விலை கூடியது’ என்பதால் இரண்டு ஆண்டுத் தொடக்கக் கல்லூரிக்குள் தள்ளப்படுகிறாள். காலுக்கு ஏற்றபடி செருப்பு வாங்குவதை விட்டுவிட்டுச் செருப்புக்கு ஏற்றபடி காலை வெட்டுவதா என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். ‘வெட்டுப்புள்ளி’ என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழமொழிதான் நினைவுக்கு வருகிறது.

2028 சேர்க்கை முதல் தொடக்கக் கல்லூரிக்கான கணக்கே மாறுகிறது. ஒரு முதல் மொழியும் ஐந்து பாடங்களும் சேர்ந்து 20 புள்ளிக்குள் என்பது போய், ஒரு முதல் மொழியும் நான்கு பாடங்களும் சேர்ந்து 16 புள்ளிக்குள் என்று வருகிறது. வீட்டில் மனப்பாடமாக வைத்திருக்கும் பழைய எண்கள் அப்போது செல்லாக்காசு ஆகிவிடும். பழைய பட்டியல் இல்லாமல் ஒரு கல்லூரியைப் பற்றி எப்படிப் பேசுவது என்று யோசிக்க நமக்கு இது நல்ல சமயம்.

எட்டாம் இடம் என்பதன் உரை

இரண்டாவது பட்டியல் உலகப் பல்கலைக்கழகத் தரவரிசை. கியூஎஸ் பட்டியலின் 2024, 2025, 2026 பதிப்புகளில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் 8-ஆம் இடத்தில் இருந்தது. நமக்குப் பெருமைதான். ஆனால் அந்த எட்டு என்ற எண் எப்படிக் கட்டப்பட்டது என்று பார்ப்போம்.

2024 பதிப்பிலிருந்து அந்தப் பட்டியலின் கூட்டு இப்படி இருக்கிறது: உலகக் கல்வியாளர்களிடம் கருத்துக் கேட்டுப் போடும் மதிப்பு 30 விழுக்காடு, முதலாளிகளிடம் கருத்துக் கேட்டுப் போடும் மதிப்பு 15 விழுக்காடு, ஆய்வுக் கட்டுரைகள் மேற்கோள் காட்டப்படும் அளவு 20 விழுக்காடு, ஆசிரியர் மாணவர் விகிதம் 10 விழுக்காடு. மீதமுள்ள 25 விழுக்காடு வெளிநாட்டு ஆசிரியர்கள், வெளிநாட்டு மாணவர்கள், அனைத்துலக ஆய்வுத் தொடர்பு, வேலைவாய்ப்பு, நீடித்த நிலைத்தன்மை ஆகிய ஐந்துக்கும் ஐந்தைந்தாகப் பிரிகிறது.

கூட்டிப் பாருங்கள். 45 விழுக்காடு, நற்பெயரைப் பற்றிய கருத்துக்கேட்பு. ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும் அனுபவத்துக்குக் கொஞ்சமாவது அருகில் வருவது ஆசிரியர் மாணவர் விகிதம். அது முன்பு 20 விழுக்காடாக இருந்தது. 2024 பதிப்பில் பாதியாகக் குறைக்கப்பட்டது. கற்பித்தலை நேரடியாக அளக்கும் கூறு எதுவும் அதில் இல்லை. ஆய்வு செய்ய வரும் முனைவர் பட்ட மாணவருக்கு இந்தப் பட்டியல் உதவலாம். முதலாண்டு மாணவருக்கு அது வேறு யாருக்கோ எழுதப்பட்ட கடிதம் மாதிரி.

பட்டியல் எவ்வளவு தளர்வானது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. அந்நாட்டுக் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் யுஎஸ் நியூஸ் பட்டியலில் கொலம்பியா பல்கலைக்கழகம் 2-ஆம் இடத்தில் இருந்தது. அங்கேயே கணிதம் கற்பிக்கும் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ், பல்கலைக்கழகம் அனுப்பிய தரவுகள் சரியில்லை என்று 2022-இல் எழுதினார். அதே ஆண்டு செப்டம்பரில் வந்த அடுத்த பட்டியலில் கொலம்பியா 18-ஆம் இடத்துக்கு இறங்கியது. பாடம் நடத்தியவர்கள் அதே பேராசிரியர்கள்தான். 2-ஐப் பார்த்துச் சேர்ந்த மாணவரும் 18-ஐப் பார்த்து ஒதுங்கிய மாணவரும் ஒரே கல்லூரியைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

சாங்கியில் ஒரு சான்று

அவ்வளவு தூரம் போகாமல் நம் கிழக்குப் பகுதிக்கே வருவோம். சாங்கி வட்டாரத்தில் கற்பிக்கும் எனக்கு மிகவும் பயன்படும் எடுத்துக்காட்டு சோமப்பா சாலையில் இருக்கிறது. அப்பர் சாங்கி ரயில் நிலையத்தில் இறங்கினால் சிங்கப்பூர்த் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகம். 2009-இல் நிறுவப்பட்டது, மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஒத்துழைப்போடு உருவானது, 2012-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது, 2015-இல் சாங்கி வளாகத்துக்கு வந்தது.

கியூஎஸ் பட்டியலின் 2024 பதிப்பில் அது நானூறுக்கும் அப்பால் இருந்தது. பட்டியலை மட்டும் பார்க்கும் பெற்றோர் அத்தோடு பக்கத்தை மூடிவிடுவார். ஆனால் 2018-இல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்காக ரூத் கிரஹாம் உலகப் பொறியியல் கல்வியைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். வரும் ஆண்டுகளில் பொறியியல் கற்பித்தலில் முன்னோடியாக வளரக்கூடிய நிறுவனம் எது என்று துறை வல்லுநர்களைக் கேட்டபோது, அந்தப் பட்டியலின் தலையில் வந்தது நம் சாங்கிப் பல்கலைக்கழகம்.

நானூறுக்கும் அப்பாலா, முதலிடமா? எது உண்மை? இரண்டும் உண்மைதான், கேட்ட கேள்விகள் வேறு வேறு. இரண்டாவதும் ஒரு கருத்துக்கேட்புதான் என்பதை மறக்க வேண்டாம். ஆனால் அங்கே கேள்வி கற்பித்தலைப் பற்றியது. அங்கே சேரும் மாணவர்கள் துறை பிரியாமல் முதல் மூன்று பருவங்களும் ஒன்றாகப் படிக்கிறார்கள். கூட்டாகச் செய்யும் வடிவமைப்பு வேலைகள் நிறைய. இதைக் கேட்டுக் கண்கள் விரியும் மாணவனும் இருப்பான். “குழு வேலையா? வேண்டாம் சார், தனியா உட்கார்ந்து படிக்கத்தான் பிடிக்கும்” என்று சொல்லும் மாணவியும் இருப்பாள். ஒரே கல்லூரி முதல் பிள்ளைக்குப் பொருந்தும், இரண்டாவது பிள்ளைக்குப் பொருந்தாது. எந்தப் பட்டியலும் அந்த இருவரையும் பார்த்ததில்லை.

நம் துறையிலேயே இன்னொரு சான்று உண்டு. சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே தமிழ்மொழியிலும் இலக்கியத்திலும் இளங்கலைப் பட்டம் பெற விரும்பும் ஒருவர் எங்கே போவார்? கிளமெண்டி சாலையில் இருக்கும் சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு. அது சிம் பல்கலைக்கழகமாக இருந்த காலத்திலேயே தமிழ்ப் பட்டப் படிப்பைத் தொடங்கியது. 2017-இல் தன்னாட்சிப் பல்கலைக்கழகமானது. இதை வாசிக்கும் உங்களில் சிலர் அங்கே மாலை வகுப்புகளில் உட்கார்ந்தவர்களாகவே இருக்கலாம். எட்டாம் இடம் என்ற எண், ‘இங்கே நான் படிக்க விரும்பும் பாடம் இருக்கிறதா?’ என்ற எளிய கேள்விக்குக்கூடப் பதில் சொல்லாது. அந்தப் பதிலைப் பாடப்பிரிவுப் பட்டியலில்தான் தேட வேண்டும்.

‘பொருத்தம்’ என்ற சொல்லில் இருக்கும் ஆபத்து

அப்படியானால் தரவரிசையைத் தூக்கி எறிந்துவிட்டுப் பொருத்தத்தைப் பார் என்று சொல்லிவிட்டால் போதுமா? போதாது. இந்த இடத்தில்தான் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

‘பொருத்தம்’ நம் வீடுகளில் புழங்கும் சொல். கல்யாணப் பேச்சில் பொருத்தம் பார்க்க இரண்டு ஜாதகங்கள் வேண்டும். ஜாதகத்தில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அந்தச் சொல்லுக்குள் இரண்டு தரப்பு உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். தரவரிசை ஒரு தரப்பை மட்டும் பார்க்கிறது. மாணவன் அதில் இல்லை. அது அதன் குறை. ஆனால் நாம் ‘பொருத்தம்’ என்று சொல்லும்போது சில சமயம் மறுபக்கம் சாய்ந்துவிடுகிறோம். மாணவனை மட்டும் எடைபோட்டு, “உனக்கு இது போதும்” என்று முடிக்கிறோம். “அவன் குடும்பச் சூழ்நிலைக்கு இதுதான் சரி” என்று ஒரு வாக்கியம் வந்தால், அங்கே பொருத்தம் வேலியாகிவிட்டது என்று அர்த்தம்.

இதற்கு ஆதாரம் உண்டு. ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 2002-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1976-இல் கல்லூரியில் சேர்ந்த மாணவர்களின் பிற்கால வருமானத்தை ஒப்பிட்டார்கள். ஒரே மாதிரிக் கல்லூரிகளில் இடம் கிடைத்த மாணவர்களில், நுழைவது கடினமான கல்லூரிக்குப் போனவர்களும் அதை விட்டுவிட்டு வேறு கல்லூரிக்குப் போனவர்களும் பின்னாளில் ஏறக்குறைய ஒரே அளவுதான் சம்பாதித்தார்கள். பேர் பெற்ற கல்லூரிக்கு என்று தனி வருமான லாபம் தெரியவில்லை. பொருத்தத்தை ஆதரிப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் அதே ஆய்வு ஒரு விதிவிலக்கையும் சொல்கிறது. குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, நுழைவது கடினமான கல்லூரி லாபம் தந்தது. பின்னர் அவர்கள் செய்த ஆய்வில், அதிகம் படிக்காத பெற்றோரின் பிள்ளைகளுக்கும் அப்படியே தெரிந்தது.

ஏன் என்று யோசித்துப் பார்த்தால் நமக்கே புரியும். வீட்டில் ஏற்கெனவே மருத்துவரும் வழக்கறிஞரும் இருக்கும் பிள்ளைக்கு, கல்லூரி தரும் அறிமுகங்கள் கூடுதல் வசதி. குடும்பத்தில் முதன்முதலாக மேற்படிப்புக்குப் போகும் பிள்ளைக்கு, அந்த அறிமுகங்கள் வேறு எங்கும் கிடைக்காதவை. நம் தமிழ் வகுப்புகளில் இந்த இரண்டாவது பிள்ளை இருக்கிறாள். அவளிடம் போய், “பேர் முக்கியமில்லம்மா, பக்கத்திலேயே படி” என்று நாம் சொன்னால், அறிவுரை மாதிரி ஒலித்தாலும் அது ஒரு கதவை மூடுவதாகிவிடும்.

ஆகவே என் கருத்து இதுதான்: பொருத்தம் என்பது கல்லூரியிடம் மாணவர் கேட்கும் கேள்வியாக இருக்க வேண்டும், மாணவரைப் பற்றி நாம் எழுதும் தீர்ப்பாக இருக்கக் கூடாது. நல்ல கேள்விகளைக் கேட்டுவிட்டு ஒரு பிள்ளை பேர் பெற்ற கல்லூரியைத்தான் தேர்ந்தெடுத்தால், அதுவும் பொருத்தம்தான்.

வகுப்பறைக்கு

இதைத் தமிழ் வகுப்பில் எப்படிப் பயன்படுத்தலாம்? உயர்நிலை மூன்று, நான்குக்கு ஏற்ற மூன்று நடவடிக்கைகளைச் சொல்கிறேன். நேரத்துக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலாவது, வினைச்சொல் வேட்டை. வீட்டிலும் பள்ளியிலும் மேற்படிப்பைப் பற்றிக் கேட்ட பத்து வாக்கியங்களைப் பேச்சு வழக்கிலேயே எழுதி வரச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் வினையை அடிக்கோடிட வேண்டும். துணைவினை என்ன உணர்வைச் சேர்க்கிறது, ‘தான்’, ‘கூட’, ‘ஆவது’ என்ன செய்கின்றன என்று பேசலாம். பிறகு அவற்றைத் ‘தேர்ந்தெடு’ என்ற வினையும் ஒரு காரணமும் வரும்படி மாற்றி எழுத வேண்டும். “பாலிக்குப் போயிட்டான்” என்பது, “விமானப் போக்குவரத்து மேலாண்மை படிக்க ஆசைப்பட்டதால் தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியைத் தேர்ந்தெடுத்தான்” என்று மாறும். துணைவினையும் இடைச்சொல்லும் மதிப்பெண்ணுக்காகப் படிக்கும் இலக்கணம் மட்டும் இல்லை என்பது பிள்ளைகளுக்கு இதில் தானாகவே புரிந்துவிடும்.

இரண்டாவது, பட்டியலைக் கருத்தறிதல் பகுதியாகப் படிப்பது. மேலே சொன்ன விழுக்காடுகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டு நான்கே கேள்வி: இதை எழுதியவர் யார்? யாருக்காக? எதை அளந்தார்? எதை அளக்கவில்லை? நாளிதழ்ச் செய்திக்கும் விளம்பரத்துக்கும்கூட இதே கேள்விகளைப் பின்னர் பயன்படுத்தலாம்.

மூன்றாவது, கல்லூரியிடம் கேட்க வேண்டிய கேள்விகளை மாணவர்களே தயாரிப்பது. பொது வரவேற்பு நாளுக்குப் போகும் முன் செய்தால் நல்லது. தொடக்கமாகச் சில:

எப்படிக் கற்பிக்கிறார்கள்? ஆண்டு இறுதித் தேர்வுக்கு எவ்வளவு, திட்ட வேலைக்கு எவ்வளவு?

ஒரு பாடத்தில் தடுமாறினால் யார் உதவுவார்கள்? இதை அங்கே படிக்கும் மாணவரிடம் கேளுங்கள். மேடையில் பேசுபவரிடம் வேண்டாம்.

தமிழ் அங்கேயே கற்பிக்கப்படுகிறதா? எச்2 நிலையில் தமிழ் இலக்கியம் எடுக்க முடியுமா? இல்லையென்றால் பீட்டி சாலையில் உள்ள உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற இடத்துக்கு மாலையில் போக வேண்டியிருக்குமா?

வீட்டு வாசலிலிருந்து வகுப்பு வாசல் வரை எவ்வளவு நேரம்? சாங்கி வில்லேஜிலிருந்து 29-ஆம் எண் பேருந்தில் தெம்பனிஸ் போவது ஒன்று. தீவின் இந்த முனையிலிருந்து மேற்கு முனையில் இருக்கும் நன்யாங்குக்குத் தினமும் போய்வருவது வேறு. ஒரு நாள் காலை நெரிசல் நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

செலவு எவ்வளவு? எந்தக் கல்வி உதவிநிதிக்கு விண்ணப்பிக்கலாம்? சிண்டா தரும் உதவி பற்றி வீட்டில் தெரியுமா?

இந்தப் படிப்பு முடிந்ததும் எந்தக் கதவுகள் திறக்கும்? எவை மூடும்? பட்டயப் படிப்பிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போக முடியுமா? அதற்கு என்ன வேண்டும்?

இந்தக் கேள்விகளை ஜனவரியில் ஆரம்பித்தால் நேரம் போதாது. முடிவுகள் வந்ததும் விண்ணப்பத்துக்குக் கிடைப்பது சில நாள்கள்தான். அதற்குள் பன்னிரண்டு விருப்பங்கள் வரை நிரப்ப வேண்டும். ஆர்வத்தையும் திறனையும் பார்க்கும் முன்கூட்டிய சேர்க்கைத் திட்டத்தில் பலதுறைத் தொழிற்கல்லூரிக்கும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்கும் விண்ணப்பிக்க விரும்பினால், தேர்வு எழுதும் முன்பே எல்லாம் தயாராக இருக்க வேண்டும். அதனால் உயர்நிலை மூன்றின் கடைசிப் பருவத்திலேயே இந்தப் பேச்சைத் தொடங்குவது நல்லது.

வாய்மொழித் தேர்வுப் பயிற்சியில், “நீ எந்தக் கல்லூரியில் சேர விரும்புகிறாய்? ஏன்?” என்று கேட்டால், “அது தலைசிறந்த கல்லூரி என்பதால்” என்று பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். அடுத்த முறை அங்கே நிறுத்திவிடாமல், “எதில் தலைசிறந்தது?” என்று இன்னொரு கேள்வி கேளுங்கள். பதில் வரக் கொஞ்ச நேரம் ஆகும். காத்திருங்கள்.